வாசு திறக்காத வெப் பக்கம்

போன வாரம் தி.நகரில் நண்பர் வாசுவின் ஆபீஸுக்குப் போயிருந்தேன். வாசுவும் மனைவி மாலதியும் சாஃப்ட்வேர்காரர்கள். வீடு மயிலாப்பூரில். ரத்ததானம் செய்கிறவர்களின் பெயர்களை ஒரு டேட்டாபேஸில் சேர்த்திருக்கிறார்கள். அதை வெப் பக்கத்தோடு இணைத்துவிட்டால் அவசரத்துக்கு யாரும் தேடலாம். நல்ல காரியம்தானே?

ஒரே சிக்கல் – எந்தக் கம்ப்யூட்டர் மொழியில் எழுதுவது?

வாசு பெர்ல் பக்தர். மாலதிக்கு ஏஎஸ்பி. இந்தச் சண்டையை அவர்கள் வீட்டில் காபியோடு பலமுறை கேட்டிருக்கிறேன்.

"ஏஎஸ்பின்னா ஒரே கம்பெனியோட சர்வரைக் கட்டிண்டு அழணும்!" என்பார் வாசு.

"உங்க பெர்லை எழுதினவாளே மறுநாள் படிச்சா புரியாது!" என்பார் மாலதி.

பொறுத்துப் பார்த்த மாலதி, தானே ஒரு பக்கத்தை எழுதி, இன்டர்நெட்டில் ஏற்றி, அதன் விலாசத்தைக் கணவருக்கு ஈமெயிலில் அனுப்பிவிட்டார். வாசு திறந்துகூடப் பார்க்கவில்லை. கொள்கை!

நான் உட்கார்ந்திருக்கும்போதே போன் வந்தது. அடையாறில் ஓர் ஆஸ்பத்திரி. பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை... ஓ நெகட்டிவ் உடனே வேண்டும். யாரோ வாசுவின் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

வாசு மாலதியின் ஆபீஸுக்கு போன் போட்டார். ஏதோ வேலையாக வெளியே கிளம்பிவிட்டாராம். ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மோடத்தை முடுக்கினார். அது கீச்சிட்டு ஓய, மாலதியின் பக்கம் மெதுவாக... மிக மெதுவாகத் திறந்தது. ரத்த வகையைத் தட்டினார். நங்கநல்லூரில் ஓர் ஆட்டோ டிரைவர். பக்கத்து வீட்டு போன் நம்பர்.

இருப்பதோ ஒரே லைன். இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு டயல் செய்தார். டிரைவரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். வாசு விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினார்.

"இன்னா சார், இதுக்குப் போய் கெஞ்சிக்கினு கீறே? ஆஸ்பத்திரி எங்க கீதுன்னு சொல்லு. இதோ கெளம்பிட்டேன்!" எதிர் முனைக் குரல் எனக்கே கேட்டது.

சாயங்காலம் தகவல் வந்தது – தாயும் பெண் குழந்தையும் நலம். வாசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

வேலை முடிந்து மாலதி அங்கே வந்ததும் வாசு எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்போ என் பக்கத்தைத் திறந்து பாத்தேளா?"

"பாத்தேன். கடைசியா எப்போ ரத்தம் குடுத்தார்னு ஒரு கட்டம் வேணும். இல்லேன்னா இப்பத்தான் குடுத்தவரையே திருப்பிக் கூப்பிட்டுடுவா. அதை ஏஎஸ்பில எப்படிப் போடறது? சொல்லிக் குடு."

மாலதி ஜெயித்த மாதிரிச் சிரிக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

டேட்டாபேஸை வெப்போடு இணைக்க எந்த மொழி நல்லது என்று எனக்கு எழுதிக் கேட்கும் வாசகர்களே... எழுதி முடித்த மொழி!