மூன்று இருமல்கள்

ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்கு வீடியோ எடுக்கக் கற்றுக்கொடுக்கப் போளூரிலிருந்து வாரம் ஒருமுறை போய்வந்தேன். அங்கே எடிட்டிங் செய்தவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. ஒல்லியான பெண், சிவப்பு ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை. ஒவ்வொரு காட்சியையும் வெட்டியதும் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

சாமை விதைப்பு பற்றிய படத்துக்குத் தன் அம்மாவையே பேசவைத்துப் பதிவு செய்திருந்தாள். பேச்சின் நடுவே அம்மா மூன்று முறை இருமினார். தேவையில்லாத சத்தங்களை நீக்கிவிடச் சொன்னவன் நான்தான்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

இரண்டு வாரம் கழித்து வந்தவள் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"வேற யாராவது முடிக்கட்டும்மா" என்றேன்.

"இல்லீங்க சார், நானே முடிச்சிட்றேன்."

இருமலை நீக்கிவிட்டு ஒருமுறை ஓடவிட்டாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"சுத்தமா கீதுங்க சார். ஆனா இது எங்கம்மா மாரி இல்ல" என்றாள். பிறகு மூன்று இருமலையும் திரும்பச் சேர்த்தாள்.

"இன்னா சார், மார்க் கொறையுமா?"

"குறையாது" என்றேன்.

மணி அடித்ததும் கணக்கு வகுப்புக்குப் போய்விட்டாள். அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன் என்று அப்போது நினைத்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று பஸ் மலை இறங்கும்வரை யோசித்தும் எனக்கு ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை.