ஒன்றுகூடும் நாள்

அன்று பௌர்ணமி, போயா விடுமுறை. பிள்ளைக்காம்பரா பூட்டியிருந்தது. தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளை அங்கே பார்த்துக்கொள்வதுதான் என் வேலை; அதுகளின் சத்தம் இல்லாத நாளில் வீடு என்னைத் தின்றுவிடும். கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. ஒரே மகள் சிங்கப்பூரில் ஒரு வயதான சீன அம்மாவைக் கவனித்துக்கொள்கிறாள். இரண்டு வருட ஒப்பந்தம் தீபாவளிக்கு முன்பே முடிகிறது. வந்துவிடுவாள் என்று அவளுடைய மெத்தையை வெயில் கண்ட நாளெல்லாம் காயப்போட்டேன். எங்கள் தலவாக்கலை மலையில் வெயில் காண்பதே பெரிய பாடு.

பின்னேரம் வீடியோவில் வந்தாள். அவளுக்குப் பின்னால் காகித விளக்குகள் தொங்கின.

"என்னடி, கல்யாண வீடா?"

"இல்லம்மா. இவங்களுக்கு இன்னைக்கு நிலாப் பண்டிகை."

அந்த ஒரு நாளுக்கு எத்தனை பெயர். அவர்கள் கணக்கில் அது எட்டாம் மாதம், பதினைந்தாம் நாள், இலையுதிர்காலத்தின் நட்ட நடு. அதனால் நடு இலையுதிர்காலத் திருநாள் என்பதுதான் முறையான பெயராம். விளக்குப் பிடித்து விளையாடும் பிள்ளைகளுக்கு அது விளக்குப் பண்டிகை. கேக் விற்கிற கடைக்காரர்களுக்கு நிலாக் கேக் பண்டிகை. அந்தக் கேக்கையும் காட்டினாள். நடுவில் உப்புப் போட்ட முட்டைக் கரு. இனிப்புக்குள் உப்பு முட்டையா, கருமம் என்றேன். சிரித்தாள்.

"இன்னொரு பேரும் இருக்கும்மா. ஒண்ணுகூடுற நாள். நிலா முழுசா இருக்கிற மாதிரி குடும்பமும் முழுசா இருக்கணுமாம். எத்தன பேரோ அத்தன துண்டு வெட்டுவாங்க. வர முடியாதவங்களுக்கும் ஒண்ணு. இன்னைக்கு எனக்கும் ஒரு துண்டு வெட்டுனாங்கம்மா."

அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. எனக்கு வயிறு எரிந்தது. என் பிள்ளையைத் தன் பிள்ளையாக நினைக்கிறாளே என்று அந்த மனுஷியைக் கையெடுத்துக் கும்பிட வேண்டியவள் நான். பொறாமைதான், வேறென்ன.

"ஒண்ணுகூடுற நாளுன்னா நீ ஏன்டி அங்க உக்காந்திருக்க?"

கையிலிருந்த கேக்கைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நாளைக்குப் பதில் சொல்லணும். என்னம்மா சொல்லட்டும்? வந்துரவா?"

வா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கெஞ்சுவது போல ஆகிவிடுமோ என்று ஒரு வீம்பு வந்தது. தோட்டத்துத் துரையிடம்கூடக் கெஞ்சாத வாய் இது.

"ஒன் இஷ்டம். எனக்காக ஒண்ணும் நீ வர வேணாம்."

"சரிம்மா," என்றாள். உள்ளே அந்த அம்மா கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம், குழந்தைகளைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டாளாம். அதன் கீழே, "நீ வான்னு சொல்லுவன்னு கடைசி வரைக்கும் பாத்தேம்மா" என்று எழுதியிருந்தாள்.

"வந்துரு மகளே" என்று எழுதினேன். அழித்தேன். திரும்ப எழுதினேன், திரும்பவும் அழித்தேன். கடைசியில் "வேளாவேளைக்குச் சாப்பிடு" என்று மட்டும் அனுப்பினேன்.