பாஜிலா அக்கா கேட்ட ஒரே கேள்வி

“ஏண்டி மதீனா, என் மூக்குக்கு ரெண்டு பக்கமும் எவன்டி வாய்க்கா வெட்டுனான்?”

கம்பம் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு பாஜிலா அக்கா, தினமும் காலையில் இடியாப்பம் பிழிந்துகொண்டே என்னிடம் கேட்பது இதுதான். வயது நாற்பத்தேழு. விடியுமுன் எழுந்து ஐந்து கிலோ மாவு பிசைந்து, விற்று, பிள்ளை வளர்த்த பொம்பளைக்கு முகத்தில் கோடு விழாமல் பூவா பூக்கும்?

“வாய் ஓயாம பேசுனா கோடு விழத்தான் செய்யும். பேசாம புழிக்கா” என்பேன். சிரிப்பாள்.

மகள் சுமையாவுக்கு நிக்காஹ் முடிவானதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. குடும்பப் போட்டோவைக் காட்டி நாத்தனார் சொன்னாளாம்: “மாப்ள வீட்ல, பொண்ணுக்கு அம்மாவா, அம்மாவுக்கு அம்மாவான்னு கேட்டாக மச்சி.” அந்த வாய்க்கு ஒரு ஊசி போட ஆளில்லை.

தேனியில் ஒரு பார்லரில் ஊசி போட்டால் கோடு மறையும் என்று கேள்விப்பட்டு, துணைக்கு என்னையும் இழுத்துப் போனாள். வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒருத்தி ஊசியோடு வந்தாள். அக்கா கேட்டது ஒரே கேள்வி.

“இதுல பன்னிக் கொழுப்பு கிழுப்பு இல்லையே? ஹலால்தான?”

“சுத்த ஹலால்க்கா. எத்தன பாய் வீட்டுப் பொம்பளைக போட்டுட்டுப் போயிருக்காக!”

அவ்வளவுதான், அக்கா முகத்தைக் கொடுத்துவிட்டாள். நானும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரைக்கிலோ கறிக்கு ஆடு எப்போது அறுத்தது, எந்தத் தொடை என்று ஒன்பது கேள்வி கேட்கிறவர்கள் நாங்கள். மருந்தின் பெயர் கேட்கவில்லை. குத்துகிறவள் டாக்டரா என்றும் கேட்கவில்லை.

பஸ் சின்னமனூர் தாண்டுவதற்குள் கன்னம் வெளுத்து, எரிச்சலில் அக்கா துடித்தாள். போன் போட்டால், “ஐஸ் வைங்க, மூணு நாள்ல சரியாயிரும்” என்றாள் அந்த வெள்ளைக் கோட்டு. மறுநாள் காலை மூக்கோரம் நாவப்பழ நிறம். தேனியில் தோல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவர் முதலில் ஒரு கண்ணை மூடச் சொல்லி, விரலைக் காட்டி எண்ணச் சொன்னார். அக்கா சரியாக எண்ணினாள்.

“மருந்து ரத்தக்குழாய அடச்சிருக்கு. கண்ணுக்குப் போயிருந்தா பார்வையே போயிருக்கும். நேத்தே ஓடி வந்திருக்கணும். கரைக்கிறதுக்கு ஊசி இருக்கு, ஆனா எல்லா மருந்தும் அதுல கரையாது. என்ன போட்டாக?”

“ஹலால் மருந்து சார்” என்றாள் அக்கா.

டாக்டர் சிரிக்கவில்லை. “அதக் கேட்டது தப்பில்லம்மா. அதோட நிறுத்துனதுதான் தப்பு” என்று சொல்லிவிட்டு, கரைக்கும் ஊசியை எடுக்கச் சொன்னார். என்னைப் பார்த்து, “மருந்துப் பெட்டி கெடைக்குமா?” என்றார்.

நேராகப் பார்லருக்குப் போனேன்.

“பெட்டிய எடு.”

“அதெல்லாம் வெளிய குடுக்கிறதில்லக்கா.”

“உள்ள இருந்தத எங்கக்கா மூஞ்சில எறக்குனேல்ல, வெறும் அட்டயக் குடுக்க வலிக்குதோ?”

குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்தேன், பெட்டி கிடைத்தது. அவள் டாக்டர் இல்லையாம், இரண்டு நாள் வகுப்பில் கற்றுக்கொண்டாளாம். அக்கா நல்ல நேரம், அது கரைகிற மருந்து. கண்ணுக்கு ஆபத்தில்லை, மூக்கும் பிழைத்தது. உதட்டுக்கு மேலே கட்டைவிரல் நகம் அளவுக்குச் சதை கருகி, தழும்பாக நின்றுவிட்டது.

நிக்காஹ் அன்று அக்கா ஒரு போட்டோவிலும் நிற்கவில்லை. இப்போது வாசலில் துணி கட்டி, அதற்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டி இடியாப்பம் கொடுக்கிறாள். “ஆசப்பட்டாள்ல, படட்டும்” என்று தெருவில் பேசுகிறார்கள். கோடு மறைய வேண்டும் என்று ஆசைப்பட்டது குற்றமாம், டாக்டர் வேஷம் போட்டுக் குத்தினவளை ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை.

முகத்தில் ஊசி போட நினைக்கிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் அக்காவைப் போய்ப் பாருங்கள். குத்துகிறவர் படிப்பு என்ன, மருந்து என்ன, பெட்டியை நம் கண் முன்னால் உடைப்பார்களா, விபரீதமானால் கரைக்கிற ஊசி கையில் இருக்கிறதா என்று கேட்க வேண்டியதையெல்லாம் அவளே சொல்வாள். காலை எட்டு மணிக்குள் போங்கள். துணிக்கு இந்தப் பக்கம் நின்று பார்சல் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். உள்ளே போய், எதிரில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள்.