விடை கேட்காத கணக்கு

தட்டில் மீ கோரெங் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருக்க, பென்சில் முனையைக் கடித்தபடி புஷ்பராணி ஒரு பெண்ணின் வயதைத் தேடிக்கொண்டிருந்தாள். பீச் ஸ்ட்ரீட் வங்கியில் மதியச் சாப்பாட்டு நேரம்.

ஓர் அக்காவின் வயது என்ன? தங்கையைவிட ஐந்து வயது மூத்தவள் என்பது ஒரு தகவல். இருவர் வயதையும் கூட்டினால் முப்பத்தொன்று என்பது இன்னொன்று. விடை சொல்ல இவை போதுமா, போதாதா? அதிகாரியாகப் பதவி உயர்வதற்கான தேர்வில் கேட்பது அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்தால் போதும் என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். புஷ்பராணிக்கு அது வராது. "பதினெட்டு. தங்கச்சிக்குப் பதிமூணு," என்று சொல்லிவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவாள்.

இந்தக் குணத்தாலேயே இரண்டு முறை நேரம் போதாமல் தோற்றுப்போனாள்.

"அவன் விடையவே கேக்கலியேக்கா. போதுமா போதாதான்னுதானே கேக்கிறான்," என்றாள் பக்கத்து கவுண்டர் ஆசியா பீவி.

"ஆளப் பாதியில எப்படிலா விட்டுட்டுப் போறது?"

புஷ்பராணிக்கு நாற்பது தாண்டிவிட்டது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த யாழ்ப்பாணத்து அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா நல்லம்மா பக்கவாதத்தில் படுத்தபின், குளிப்பாட்டுவதும் ஊட்டுவதுமாக வருடங்கள் ஓடின. வந்த வரன்களும் வாசலோடு திரும்பின. போன வருடம் அம்மாவும் கண்ணை மூடினாள். பூலாவ் தீக்குஸ் பகுதியிலிருந்த வீட்டில் இப்போது இவள் ஒருத்திதான். தேறினால் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் கிடைக்கும். அந்த வீட்டைவிட்டுப் போய்விடலாம்.

கணக்கில் வருகிறவர்கள் அவளுக்கு அக்கம்பக்கத்து மனிதர்களாகிவிட்டார்கள். தகவல் போதாத கணக்கு வந்தால் அன்று முழுக்க முகம் வாடியிருக்கும். ஒரு கணக்கில் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்த ஒருவனின் வேகம் இருந்தது, தூரம் இல்லை. "பாவம், வீடு போய்ச் சேர்ந்தானா இல்லையான்னே தெரியல," என்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் சொன்னாள்.

மூன்றாம் முறைக்கு ஆசியா பீவி கடுமையாகப் பழக்கினாள். போதும், போதாது என்று குறித்த மறுகணம் பென்சிலைப் பிடுங்கிவிடுவாள். புஷ்பராணி உதட்டுக்குள் முணுமுணுத்தபடி அடுத்த கேள்விக்கு நகரக் கற்றுக்கொண்டாள். தேர்வு நாளில் கணக்குகளில் வந்த அத்தனை பேரையும் பாதி வழியில் விட்டுவிட்டு, நேரத்துக்குள் எழுதி முடித்தாள்.

முடிவு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. தேறியிருந்தாள். மேனேஜர் கை குலுக்கினார். ஆசியா பீவி கட்டிக்கொண்டாள். ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எல்லோரும் தங்கள் கவுண்டருக்குத் திரும்பினார்கள்.

புஷ்பராணி மூலையிலிருந்த தொலைபேசியை எடுத்தாள். விரல் தானாகவே வீட்டு எண்ணைச் சுழற்றியது. ஆளில்லாத வீட்டில், அம்மா படுத்திருந்த கட்டிலருகே, மணி அடிக்கத் தொடங்கியது. அவள் வைத்துவிடவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.