கை பேசிய சிடி

நிர்மலா பொங்கலூரிலிருந்து திருப்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பல்லடத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்திருந்தாள். அதை நம்பி ஒரு பனியன் கம்பெனியில் மாடி அறையில் உட்கார வைத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கேட்கும் பூவையும் கரடிப் பொம்மையையும் கம்ப்யூட்டரில் வரைந்து, எம்பிராய்டரி மெஷினுக்குப் புரியும்படி மாற்றி, ஃபிளாப்பியில் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. திரையில் எவ்வளவு அழகான பூவாக இருந்தாலும் மெஷினுக்கு அது பூ அல்ல என்பதைச் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துகொண்டாள். ஊசி எங்கே இறங்கணும், எவ்வளவு நகரணும், நூலை எங்கே வெட்டணும் என்பது மட்டும்தான் மெஷினுக்குத் தெரியும். அப்படி மாற்றிக் கொடுக்காவிட்டால் கல்லு மாதிரி நிற்கும்.

கீழே, தைத்த பனியன்களில் குறை பார்க்கும் செக்கிங் மேஜையில் சுப்புலட்சுமி என்று ஒரு அம்மா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். பிறந்ததிலிருந்தே காது கேளாது, பேச்சும் இல்லை. பள்ளிக்கூடத்தில் யாரும் சேர்க்கவில்லை. சாமளாபுரத்துத் தறிக்காரக் குடும்பம். கணவர் போன பிறகு அவருக்கு இருந்தது ஒரே மகன் குமரன். அவனுக்குக் காதும் வாயும் நன்றாகவே இருந்தன. ஆனால் அவன் முதலில் பேசிப் பழகியது கையால்தான். அம்மாவும் மகனும் அவன் குழந்தையாய் இருந்தபோதிலிருந்து தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சு அது. உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த பாஷை. மற்றவர்களுக்கு அதில் சோறு, பஸ், சம்பளம் என்று பத்திருபது சைகை தெரிந்தால் அதிகம்.

2005இல் குமரன் ஜோர்டான் நாட்டில் ஒரு துணி ஃபேக்டரிக்கு லைன் சூப்பர்வைசராகப் போனான். வாரம் ஒரு முறை பக்கத்து வீட்டு மருதாளுக்கு ஃபோன் செய்வான். மருதாள் கேட்டுவிட்டு, சுப்புலட்சுமியைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டுவாள். நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். எட்டு மாதமாக மகன் சொன்னதெல்லாம் அந்த ஒரு விரலாகத்தான் அந்த அம்மாவுக்கு வந்து சேர்ந்தது.

மாசி மாதம் ஊருக்கு வந்த ஒருவர் கையில் குமரன் ஒரு சிடி கொடுத்து அனுப்பியிருந்தான். மருதாளுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. சுப்புலட்சுமியைக் கையோடு கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

"ஏங்கண்ணு, பையன் சிடி அனுப்பியிருக்கறானுங்க. ஊட்டுல டிவிடி பிளேயர்ல போட்டா 'நோ டிஸ்க்'குன்னு வருது. தொடச்சுப் போட்டும் பாத்தாச்சு. ஒடஞ்சு போச்சாட்ட இருக்குது."

நிர்மலா கம்ப்யூட்டரில் போட்டாள். உடனே ஓடியது. ஒரு சின்ன அறை, கட்டில் மேல் குமரன், ஸ்வெட்டர் போட்டிருந்தான். வாயே திறக்கவில்லை. கையைத் தூக்கி ஆரம்பித்தான். சுப்புலட்சுமி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நின்றார். அவர் கைகள் பதில் சொல்லத் தொடங்கின. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மேனேஜர் எட்டிப் பார்த்து, "என்னங்க கூட்டம்? மெஷின் நிக்குது" என்றார். படத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

"சிடி நல்லாத்தானுங்க்கா இருக்குது," என்றாள் நிர்மலா. "இது கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி எழுதினது. உங்க பிளேயருக்கு இந்த வகை தெரியாது. நான் மாத்தித் தர்றனுங்க."

அவளுக்கு அது புதிய சங்கதியாகவே தோன்றவில்லை. பூவை ஊசிக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரிதானே! நெட்டில் தேடி ஒரு சாஃப்ட்வேரை இறக்கி, இருபத்திரண்டு நிமிடப் படத்தை வீடியோ சிடியாக மாற்றினாள். அதற்குச் சனிக்கிழமை மத்தியானம் முழுக்கப் பிடித்தது. நடுவில் ஒரு தடவை கரண்ட் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே சாமளாபுரத்துக்குப் பஸ் ஏறினாள்.

பிளேயர் சிடியை எடுத்துக்கொண்டது. டிவியில் குமரன் வந்தான். மருதாள் கையைத் தட்டினாள். சுப்புலட்சுமி மட்டும் டிவிக்குப் பக்கத்தில் போய், முந்தானையால் கண்ணாடியை அழுத்தித் துடைத்தார். திரும்ப வந்து பார்த்தார். மறுபடியும் போய்த் துடைத்தார். பிறகு நிர்மலாவைப் பார்த்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். ஒன்றுமில்லை என்று.

"மூஞ்சி தெளிவாத்தானுங்க இருக்குது, இன்னும் என்ன வேணுமாமா?" என்றாள் மருதாள்.

நிர்மலா அப்போதுதான் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தாள். கை சும்மா இருந்தபோது கையாக இருந்தது. அசைந்ததும் கட்டம் கட்டமாக உடைந்து, ஐந்து விரலும் ஒரே சதைத் துண்டாகிப் போயிற்று. மாற்றியதும் அவள் சரிபார்த்தாள்தான். எல்லோரையும் போல முகத்தைப் பார்த்தாள், சத்தத்தைக் கேட்டாள். சத்தத்தில் ஒரு ஹீட்டர் இரைச்சலைத் தவிர என்ன இருந்தது? அந்த அம்மாவுக்குப் பேச்சே விரலில்தான். நிர்மலா பேச்சை அழித்துவிட்டு முகத்தை மட்டும் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

மறுநாள் திருமூர்த்தியின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சிடியைப் போட்டுப் பார்த்தார்.

"வீடியோ சிடியில படமே சின்னதுங்க. அதையும் அமுக்கித்தான் போடும். கை வேகமா அசைஞ்சா சில்லு சில்லா ஒடையும்," என்றார். "டிவிடியாப் போடோணும். என்றகிட்ட ரைட்டர் இருக்குது. விரலுக்காக ஒருத்தரு கேட்டு இன்னிக்குத்தானுங்க பாக்கறன்."

இருவரும் உட்கார்ந்து, இருக்கிற இடத்தையெல்லாம் அந்த இருபத்திரண்டு நிமிடத்துக்கே கொடுத்து மாற்றினார்கள். இந்த முறை நிர்மலா சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, விரல்களை மட்டும் கடைசிவரை பார்த்துச் சரிபார்த்தாள். அடுத்த ஞாயிறு மறுபடி சாமளாபுரம்.

இந்தத் தடவை சுப்புலட்சுமி டிவியைத் துடைக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார், தலையில் அடித்துக்கொண்டார், ஏதோ ஒன்றுக்குக் கையை ஓங்கிக் கோபித்துக்கொண்டார். பாதியில் ஒரு இடத்தில் குமரன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, பத்து விரலையும் மெல்ல மெல்ல ஆட்டியபடி கீழே இறக்கினான். அம்மாவுக்குப் புரியவில்லை. படத்தைப் பின்னால் ஓட்டச் சொன்னார். மறுபடி விரல்கள் இறங்கின. அவன் தோளைக் குறுக்கி நடுங்கிக் காட்டினான். உள்ளங்கையில் எதையோ ஏந்தி, அது இல்லாமல் போவதைக் காட்டினான்.

சுப்புலட்சுமி சட்டென்று எழுந்தார். மூலையில் கிடந்த பனியன் துணித் துண்டிலிருந்து ஒரு துளி பஞ்சைப் பிய்த்து மேலே ஊதினார். அது இறங்குவதைக் காட்டினார். தானும் நடுங்கினார். உள்ளங்கையைத் தேய்த்து, ஈரமாகிவிட்டது என்று புடவையில் துடைத்தார்.

"பனிங்க்கா!" என்று கத்திவிட்டாள் நிர்மலா. "அங்க பனி பேஞ்சிருக்குதுங்க!"

மார்கழிப் பனி அல்ல, பஞ்சு பஞ்சாய் வானத்திலிருந்து விழும் பனி. சாமளாபுரத்தில் யாரும் பார்த்தறியாத ஒன்று. அதற்கு அவர்களிடம் அதுவரை சைகையே கிடையாது. அந்தக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு மகன் புதிதாய் ஒரு சொல்லை உண்டாக்கியிருக்கிறான். கடல் தாண்டி இங்கே ஒரு அம்மா அதைக் கையால் வாங்கிக்கொண்டார். ஒரு சொல் பிறப்பதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா?

அடுத்த வாரம் திருமூர்த்தி கேமரா கொண்டுவந்தார். நல்ல வெளிச்சத்தில் வாசலில் சேர் போட்டு, சுப்புலட்சுமியை உட்கார வைத்தார்கள். முதலில் கூச்சப்பட்டார். பிறகு நாற்பது நிமிடம் நிறுத்தவே இல்லை. கைகள் உயர்ந்தன, மடங்கின, மார்பில் பதிந்தன, எதையோ தாலாட்டின. மருதாளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. நிர்மலா அதை மூன்று தடவை முழுக்க ஓட்டிச் சரிபார்த்து, ஒரு துளி உடையாமல் பதிந்து அனுப்பினாள். அதன்பின் இரண்டு வருடத்தில் பதினோரு வட்டுகள் போயும் வந்தும் கொண்டிருந்தன. எல்லாம் அவள் கையால் மாற்றப்பட்டவை.

2008இல் லீவுக்கு வந்த குமரன் கம்பெனி மாடிக்கு வந்து அவளைப் பார்த்தான். நிர்மலாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அம்மா உங்களுக்கு அனுப்புன மொத சிடியில அவ்வளவு நேரம் என்னங்க தம்பி சொன்னாங்க?"

"நான் பொறந்த கதைங்க்கா," என்றான். "அதுக்கு முன்னால எனக்கு யாரும் சொன்னதில்லீங்க. எனக்குக் காது கேக்குமா கேக்காதான்னு அம்மாவுக்கு ஒரே பயமாம். ஒரு நாள் மடியில தூங்கிட்டு இருந்தவன் திடுக்குன்னு ஒதறினனாம். என்னடான்னு திரும்பிப் பாத்தா, பொறகால பித்தளைக் குண்டா உழுந்து உருண்டுட்டு இருக்குதாம். அவுங்களுக்கு அது கேக்கல. எனக்குக் கேட்டிருக்குது. அப்பத்தான் தெரிஞ்சுதாம்."

அவன் போன பிறகு நிர்மலா வெகுநேரம் கீபோர்டில் கை வைக்கவில்லை. அந்தக் கதை முழுவதையும் அவள் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள், விரல் விரலாக, மூன்று தடவை.