அப்பாவுக்கு ஒரு நன்றிப் பூசை

நான் பத்தாவது சேர்ந்த புதிதில், தந்தையர் தினத்துக்கு முந்தைய வாரம், மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் சொன்னார்: “அப்பாவுக்கு நன்றி சொல்ல ஆளுக்கு ஒரு காரியம் செய்யுங்க.” கடிதம் எழுதலாம், ஷூ துடைத்து வைக்கலாம், கட்டிப்பிடிக்கலாம் என்றார். எங்கள் அப்பா மாரண்டஹள்ளி சந்தைக்குத் தக்காளி கொண்டுபோகிறவர். அவருக்கு ஏது ஷூ? கட்டிப்பிடித்தால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். கடிதம் கொடுத்தால் ரேங்க் கார்டு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவார்.

எனக்கு வேறு ஆசை. திருவிழாவுக்குப் பந்தல் கட்டுவதும் பெஞ்சு தூக்குவதும் அப்பாதான். ஆனால் எங்கள் மாதா கோயில் மைக்கில் அவர் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. ஒரு தடவையாவது அது ஊர் காதில் விழ வேண்டும். கோயில் நோட்டில் நன்றிப் பூசைக்கு அவர் பெயரை எழுதிவிட்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த நோட்டில் முன்பக்கமிருந்து நன்றிப் பூசைக்கான பெயர்களை எழுதுவார்கள், பின்பக்கமிருந்து இறந்தவர்களின் பெயர்கள். அவசரக்குடுக்கை நான், எந்தப் பக்கம் திறந்தேன் என்று பார்க்கவே இல்லை.

ஞாயிறு காலைப் பூசை. சாமியார் ஊருக்குப் புதிது, அப்பாவைத் தெரியாது. “இறந்துபோன” என்று ஆரம்பித்து, இன்னார் மகன் என்று தாத்தா பெயரையும் சேர்த்து, அப்பாவின் பெயரை மைக்கில் கணீரென்று வாசித்தார். அவருடைய ஆன்மா இளைப்பாற வேண்டும் என்று எல்லாரும் மன்றாடினார்கள். அதில் உரத்த குரல் அப்பாவுடையது. பழக்க தோஷம். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. எழுந்து கைகூப்பினார்.

“சாமி, நான் இங்கதாங்க இருக்கறேன்.”

சாமியார் நோட்டைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். கோயிலே சிரித்தது. நான் மட்டும் அழுதேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை கத்தோலிக்க வீட்டிலும் நடக்கும் போலிருக்கிறது. பெருமைப்படுத்த நினைத்த மனிதரை ஊர் முன்னால் கேலியாக்கிவிட்டேனே!

வீடு வந்து சாப்பிட்டு முடிப்பதற்குள் யாரோ புண்ணியவான் பாதியை மட்டும் சொல்லி, ஓசூர் சித்தப்பா அம்மாவின் போனுக்கு அழைத்துவிட்டார். எடுத்தது அப்பா.

“அண்ணி, எப்ப ஆச்சுங்க?” என்று அந்தப் பக்கம் அழுகை.

“நான்தாண்டா பேசறேன். வூட்ல இட்லி தின்னுட்டிருக்கறேன்” என்று வைத்துவிட்டார்.

இனி மறைத்துப் பயனில்லை. நான்தான் எழுதினேன் என்று தேம்பினேன்.

அப்பா பாதி இட்லியோடு என்னைப் பார்த்தார். “எதுக்கு கண்ணு?”

“நன்றிக்குத்தாம்ப்பா எழுதினேன். உங்க பேரை எல்லாரும் கேக்கணும்னு.”

அவர் இட்லியை வைத்துவிட்டு எழுந்தார். போய்க் கை கழுவினார். துண்டில் கையைத் துடைத்தார், கண்ணையும் துடைத்த மாதிரி இருந்தது. பிறகு போனை எடுத்து ஓசூருக்கு அவரே அழைத்தார்.

“டேய், எம்பொண்ணு எனக்குப் பூசை வெச்சிருக்கறாடா!”