ஃபேன் இல்லாத கம்ப்யூட்டர்

எங்கள் வெள்ளக்கடை கிராமத்து வீட்டில் ஃபேன் கிடையாது. ஏற்காட்டு மலையில் குடியிருப்பவர்களுக்கு அது வீண் செலவு. சித்தப்பாவின் கம்ப்யூட்டருக்குள் மட்டும் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது எங்களுக்கெல்லாம் ஊதாரித்தனமாகவே பட்டது.

சித்தப்பா கல்யாண வீடியோக்களை எடிட் செய்பவர். அந்த ஃபேனின் இரைச்சலில் அவருடைய கைக்குழந்தை தூங்கவில்லை. "ஏனுங்க, ஊட்டுக்கே ஃபேன் இல்ல, இந்தப் பொட்டிக்கு எதுக்குங்க? கழட்டி வையுங்க" என்றாள் சித்தி. கழற்றினார். பெட்டியின் பக்கத் தகட்டையும் எடுத்துவிட்டு ஜன்னலோரம் வைத்தார். குளிர்காற்று பட்டுக்கொண்டே இருந்ததால் கம்ப்யூட்டர் முன்போலவே வேகமாகப் பறந்தது.

கோடை விடுமுறையில் சேலத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் கூப்பிட்டனுப்பினார். கம்ப்யூட்டரோடு வந்து எதிரிலேயே ஒரு வீடியோவை முடித்துக் காட்டினால், வருஷம் முழுக்கத் தன் வேலையெல்லாம் சித்தப்பாவுக்கே என்றார். பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி பஸ்ஸில் கொண்டு போனோம். நான் ஐஸ்கிரீமுக்காகக் கூடப் போனேன்.

ஆரம்பத்தில் ஜோராக ஓடியது. பிறகு எறும்பாக ஊர்ந்தது. கம்ப்யூட்டரின் மூளையான ப்ராஸஸருக்கு நிலையான வேகம் என்று ஒன்று கிடையாது. சூடு ஏறாதவரை தனக்குச் சொன்ன அளவைத் தாண்டிக்கூட ஓடும். ஏறிவிட்டால், கருகிப் போகாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இன்று அந்தத் துறையில்தான் சம்பளம் வாங்குகிறேன். அன்றைக்குப் பெட்டி புது இடத்தில் முரண்டு பிடிக்கிறது என்று நினைத்து, "வெரசாப் போ சாமி" என்று அதனிடம் கெஞ்சினேன்.

ஸ்டுடியோக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "ஃபேன் எங்கீங்க?"

"மலையில தேவைப்படலீங்க" என்றார் சித்தப்பா.

அவர் சிரித்தேவிட்டார். சித்தப்பா கடைவீதிக்கு ஓடி ஒரு ஃபேன் வாங்கி வருவதற்குள் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. எனக்கு அழுகையாக வந்தது. ஐஸ்கிரீமை அழுதுகொண்டே தின்றேன்.

வீட்டு வாசலில் சித்தி காத்திருந்தாள். அவள் தோளில் குழந்தை அயர்ந்து தூங்கியது. "என்னங்க ஆச்சு?"

"அங்க கரண்டு சரியில்ல புள்ள. ஏறி ஏறி எறங்குது" என்றார். வாங்கிய ஃபேன் பைக்குள்ளேயே கிடந்தது.

"இல்லீங்க சித்தி, ஃபேனு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"கண்ணு, உள்ள போயித் தண்ணி கொண்டா" என்று சித்தப்பா என்னை விரட்டினார்.

பொய் சொன்னால் தோலை உரித்துவிடுவேன் என்று என்னை மிரட்டுகிறவர், பெண்டாட்டிக்குப் பயந்து இப்படிப் புளுகுகிறாரே என்று அவர்மேல் இருந்த மதிப்பே போய்விட்டது. ஃபேனைக் கழற்றச் சொன்னது யார் என்பது உறைக்கும்வரை, வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.